அலாரம் அடித்ததா, நின்றதா?

வணக்கம். ஓர் ஆங்கிலத் துப்பறியும் கதையை மொழிபெயர்த்து இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். ‘தி அலாரம் வென்ட் ஆஃப் அட் ஃபைவ்’ என்பதை ‘ஐந்து மணிக்கு அலாரம் நின்றது’ என்று எழுதியிருந்தேன். அதைச் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆஃப் என்றால் நிற்பது, அணைவதுதானே?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சுழித்தது சரிதான். அலாரம் அடித்திருக்கிறது.

சுவிட்சை வைத்து இந்தச் சொல்லைப் படித்ததால் வந்த வினை இது. ஆஃப் என்பதன் அடிப்படைப் பொருள் விலகுவது. சுவிட்சில் தொடர்பு விலகுகிறது, விளக்கு அணைகிறது. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் முறுக்கிய வில்லை ஒரு தடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது; நேரம் வந்ததும் தடுப்பு விலக, சுத்தி மணியில் அடிக்கிறது. துப்பாக்கி வெடிப்பதற்கும் இதே ‘வென்ட் ஆஃப்’தான். எது விடுபட்டது என்று பாருங்கள். அடக்கி வைத்த விசை என்றால் சத்தம் வரும்.

கல்யாணத்தில் ஆபத்து அதிகம். ‘தி வெட்டிங் இஸ் ஆஃப்’ என்றால் கல்யாணம் நின்றுவிட்டது. ‘தி வெட்டிங் வென்ட் ஆஃப் வெல்’ என்றால் ஜாம்ஜாமென்று நடந்தது. இங்கே தவறினால் கதையே கவிழும்.

யார் பேசுகிறார் என்பதும் முக்கியம். லண்டன் ஓட்டலில் ‘தி ஃபிஷ் இஸ் ஆஃப்’ என்று பரிமாறுபவர் சொன்னால் மீன் தீர்ந்துவிட்டது. சாப்பிடுபவர் முகம் சுளித்துச் சொன்னால் மீன் கெட்டுவிட்டது.

பிரிட்டிஷ் கதையில் காரின் ‘ஆஃப் சைட் டயர்’ வந்தால் வலப்பக்க டயர் என்று எழுதுங்கள். குதிரையில் இடப்பக்கமாக ஏறுவது வழக்கம்; ஏறுபவருக்கு எட்ட இருக்கும் வலப்பக்கம் ஆஃப் சைட். கிரிக்கெட்டில் வலக்கை ஆட்டக்காரருக்கும் அது வலப்பக்கமே.

இன்னொன்று. பேங்க் ஆஃப் இந்தியாவில் வரும் ஆஃபும் இந்த ஆஃபும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். அழுத்திச் சொன்ன வடிவம் தனிச்சொல்லாக முழுதும் பிரிந்தது 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். தமிழில் நாம் இன்றும் பிரிக்கவில்லை. பற்றாக்குறைக்கு, பாதியைக் குறிக்கும் ஹாஃபையும் இதிலேயே சேர்த்துவிட்டோம். ‘நாளைக்கு எனக்கு ஆஃப்’ என்றால் முழுநாள் விடுப்பு, ‘ஆஃப் டே’ என்றால் அரைநாள். ஆஃப் பாயிலை யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.