லெவி, டைக்: இரண்டுக்கும் ‘கரை’ போதுமா?

கேள்வி: வெள்ளப் பேரிடர் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ஓரிடத்தில் லெவி (levee) என்றும் இன்னோரிடத்தில் டைக் (dike) என்றும் வருகிறது. இரண்டுக்கும் ‘கரை’ என்றே போடலாமா?

பதில்: மேலோட்டமான செய்தி என்றால் போடலாம். இரண்டுமே மண்ணைக் கொட்டி இறுக்கி உயர்த்திய கரைதான். கட்டுரை உடைப்பைப் பற்றிப் பேசுகிறது என்றால் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்.

லெவி ஆற்றை ஒட்டி நீளமாகப் போகும். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மா காய்ந்து கிடக்கும். வெள்ளம் வந்தால்தான் அதற்கு வேலை. மிசிசிப்பிக் கரைகள் இந்த ரகம். டைக்குக்கு ஓய்வே கிடையாது. அது இல்லாவிட்டால் உட்பக்க நிலம் எந்நேரமும் தண்ணீருக்குள் இருக்கும். நெதர்லாந்தில் கால்வாசிக்கும் மேல் நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே. அங்கே உள்ளே சேரும் நீரைப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

காய்ந்த லெவியில் வெடிப்பு விழும், விலங்குகள் வளை தோண்டும். வெள்ளம் ஏறியதும், கரைக்கு அடியில் ஊறிய நீர் ஊர்ப்பக்கத்துத் தரையில் மணலோடு கொப்பளிக்கும். அதை அடைக்கக் கூடாது. அடைத்தால் வேறிடத்தில் பீறிடும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, நடுவில் தண்ணீரைத் தேங்கவிட்டு, மண் அரித்து வருவதைத் தணிப்பார்கள்.

டைக்கிலோ, ஈரம் போவதே ஆபத்தாகலாம். 2003 ஆகஸ்டில் நெதர்லாந்தின் வில்னிஸில், மட்கிய தாவரங்களால் ஆன பீட் மண் கரை ஒன்று வறட்சியில் உலர்ந்து எடை குறைந்தது. கால்வாய் நீர் தள்ளியதும் இடம் பெயர்ந்துவிட்டது. கடும் வறட்சியில் ஊருக்குள் தண்ணீர்! இதை ‘வெள்ளத்தில் கரை உடைந்தது’ என்று எழுதினால் நடந்ததே மாறிப்போகும்.

பெயரை மட்டும் நம்பவும் முடியாது. நெதர்லாந்தில் 1932இல் கட்டி முடிந்த ஆஃப்ஸ்லௌட்டைக்கின் பெயரிலேயே டைக் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. பொறியியல் கணக்கில் அது அணை. பிரிட்டனில் சில பகுதிகளில் டைக் என்றால் வாய்க்கால். அதனால் தண்ணீர் எந்தப் பக்கம், எத்தனை நாள் நிற்கிறது என்று மூலத்தில் தேடிப் பாருங்கள்.

லெவிக்கு ‘வெள்ளத் தடுப்புக் கரை’ சரியாக இருக்கும். டைக் கடலோரம் என்றால் ‘கடல் தடுப்புக் கரை’, கால்வாயோரம் என்றால் ‘கால்வாய்க் கரை’. ‘தடுப்பணை’ வேண்டாம், அது ஓடைக்குக் குறுக்கே கட்டுவது. அப்புறம், ‘லெவி’ என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். நம் வாசகருக்கு அது வசூல், வரி என்றுதான் படும்.