பழைய டெஸ்க்டாப்பை அப்கிரேடு செய்வதா, புதிதாக அசெம்பிள் செய்வதா?

நீங்கள் கேட்டது இது: ஐ5-7400 ப்ராஸசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறீர்கள், ஃபோட்டோஷாப் இழுக்கிறது. கடைக்காரர் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார். மாற்றுவதா, இருப்பதையே தேற்றுவதா?

என்னைக் கேட்டால், இப்போதைக்கு ஒரு எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பு டிஸ்க்) ரேமும் மட்டும் வாங்குங்கள். அடுத்த சிஸ்டத்துக்கும் கழற்றி மாட்டுகிற மாதிரிப் பார்த்து வாங்குங்கள். மதர்போர்டும் ப்ராஸசரும் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஆல்பம் ஃபைல் திறந்திருக்க, சிஸ்டம் திணறுகிற அந்த நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு 20, 30 சதவீதத்தில் சும்மா இருக்கிறது, மெமரி 90-ஐத் தாண்டிவிட்டது, டிஸ்க் 100-லேயே நிற்கிறது என்றால் ப்ராஸசர் மேல் பழி போடாதீர்கள். உங்கள் விஷயத்தில் அப்படித்தான் காட்டும் என்று நினைக்கிறேன். காரணம் எளிய கணக்குதான். 12-க்கு 36 இன்ச் ஷீட்டை 300 டிபிஐ-யில் போட்டால் 10,800 × 3,600 பிக்சல், அதாவது ஏறக்குறைய 3.9 கோடி. பிக்சலுக்கு மூன்று பைட் வைத்தால் ஷீட் முழுக்க நிறைகிற ஒரே லேயருக்கு நூறு எம்பிக்கு மேல் போகிறது. பின்னணி, பொண்ணு மாப்பிள்ளை படங்கள், பூ, மாஸ்க், ஹிஸ்டரி எல்லாம் சேர்ந்தால் 8 ஜிபி எந்த மூலைக்கு? விண்டோஸும் பக்கத்தில் திறந்திருக்கும் வாட்ஸ்அப்பும் வேறு தங்கள் பங்கை எடுத்திருக்கும். ரேம் நிரம்பியதும் ஃபோட்டோஷாப் மிச்சத்தை ஸ்க்ராட்ச் டிஸ்கில், அதாவது தற்காலிகமாக எழுதிவைக்கும் டிஸ்கில், எழுதத் தொடங்கும். உங்களிடம் அதுவும் அதே ஹார்ட் டிஸ்க்தான். அது நொடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி எழுதினாலே பெரிது, அதுவும் வரிசையாக எழுதினால்தான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500-ஐத் தொடும்.

சிபியுதான் எந்நேரமும் 100-ல் நிற்கிறது என்றால் கதை வேறு. அப்போது கடைக்காரர் சொல்வதுதான் சரி.

ரேம் வாங்கும்போது கேபினெட்டைத் திறந்து இருக்கிற 8 ஜிபி ஒரே குச்சியா, இரண்டு நாலா என்று பாருங்கள். எச்110 என்ற வகை போர்டாக இருந்தால் ஸ்லாட் இரண்டுதான், எல்லை 32 ஜிபி. அது டிடிஆர்4 என்ற தலைமுறை ரேம்தானா என்பதையும் குச்சியின் ஸ்டிக்கரில் பார்த்துவிடுங்கள். முடிந்தால் 3200 வேக 16 ஜிபி குச்சி ஒன்று போடுங்கள். உங்கள் போர்டில் அது 2400-ல்தான் ஓடும், பரவாயில்லை. நாளைக்குப் புதுப் போர்டுக்குப் போகும்போது முழு வேகம் கிடைக்கும்.

ப்ராஸசரை மட்டும் மாற்றலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் போர்டு ஏற்கிற உச்சம் ஐ7-7700 வரிசையோடு முடிகிறது. 8-வது தலைமுறை ப்ராஸசர் போர்டில் ப்ராஸசரை மாட்டும் அதே 1151 சாக்கெட்டில் பார்ப்பதற்கு அப்படியே உட்காரும், ஆனால் ஓடாது. இன்டெல் அதற்கு 300 வரிசை போர்டு கேட்டது. இது தெரியாமல் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டு விழிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த சிஸ்டத்துக்கு முடிவுகட்டப் போவது வேகமல்ல, விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. வீட்டு உபயோகக்காரர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்பும் ஓராண்டுக்குத்தான், 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் உங்கள் ஐ5-7400 இல்லை. குறுக்கு வழியில் ஏற்ற முடியும், யூடியூபில் ஆயிரம் பேர் காட்டுவார்கள். வீட்டில் சினிமா பார்க்கிற சிஸ்டம் என்றால் நானும் சரி என்பேன். வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்துக் காத்திருக்கிற வேலையை அதை நம்பிச் செய்ய மாட்டேன். லினக்ஸும் உங்களுக்கு ஆகாது, ஃபோட்டோஷாப் அதற்கு வரவில்லை.

ஆக, போர்டும் ப்ராஸசரும் மாறத்தான் வேண்டும். அப்போதும் ‘முழு செட்’ தேவையில்லை. 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது தெரிந்திருக்கும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி விற்பதில் கிடைக்கும் லாபம் நம் மாதிரி ஆட்களிடம் கிடைக்காது. க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இன்டெல்லுக்குப் போட்டியான ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டு எடுத்தால் டிடிஆர்5 ரேம் கட்டாயம், உங்கள் டிடிஆர்4 வீண். அதனால்தான் டிடிஆர்4 ஏற்கிற போர்டாகப் பார்க்கச் சொல்கிறேன்: இன்டெல்லில் எச்610 அல்லது பி760-இன் டிடிஆர்4 மாடலோடு ஐ5-12400, இல்லையென்றால் ஏஎம்டியின் முந்தைய ஏஎம்4 சாக்கெட் போர்டோடு ரைசன் 5 5600ஜி. இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். இன்று போடுகிற எஸ்எஸ்டி, ரேம், கேபினெட் எல்லாம் அப்படியே கூட வரும். இந்த இரண்டு சாக்கெட்டுக்கும் இனிமேல் பெரிய எதிர்காலம் இல்லை, ஏஎம்5-ஐ 2027-க்கு அப்பாலும் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது என்று வாதிடுவார்கள். உண்மைதான். ஏழெட்டு வருஷம் ஒரே ப்ராஸசரில் ஓட்டியவர் நீங்கள், சாக்கெட்டின் எதிர்காலம் உங்களுக்கு எதற்கு?

பெயரில் ஓர் எழுத்தைக் கவனியுங்கள். 12400எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, வெறும் 5600-க்கும் அதே கதி. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் இவற்றை வாங்கினால் மானிட்டரில் ஒன்றும் வராது.

உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைப் பழையதே இருக்கட்டும் என்று விடாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் ‘450’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை விடுங்கள், கீழே இருக்கும் சின்னக் கட்டத்தில் +12வி என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 16, வெறும் 192 வாட். ப்ராஸசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைனில்தான். கொட்டேஷனில் ‘எஸ்எம்பிஎஸ் 500வாட்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் கம்பெனியும் மாடலும் எழுதித் தரச் சொல்லுங்கள். ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் அப்படியே. கடைக்காரர் லாபம் பார்ப்பது தப்பில்லை, ஆனால் அது பெயரில்லாத வரியில் ஒளிந்திருக்கக் கூடாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கினால், பெயர் எழுதிய கொட்டேஷன்களை மட்டும்தான் ஒப்பிட முடியும். ஜிஎஸ்டி பில்லும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாரன்டிக்காகப் போய் நிற்பது கஷ்டம்.

அசெம்பிளை நீங்களே செய்யலாமா? மாட்டுவது கஷ்டமே இல்லை, ஒரு மத்தியானம் போதும். டிஸ்ப்ளே வராதபோது எது பழுது என்று பார்க்க மாற்று ரேமும் மாற்று எஸ்எம்பிஎஸ்ஸும் கையில் வேண்டும். கடையில் அவை மேஜை மேலேயே கிடக்கும், வீட்டில் இருக்காது. அதனால் பொருளை நீங்கள் முடிவு செய்யுங்கள், ஸ்க்ரூடிரைவரைக் கடைக்காரர் பிடிக்கட்டும்.

அப்புறம், எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் போட வேண்டாம், அதை மட்டும் நம்பவும் வேண்டாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். நீலமாக ‘குட்’ என்று வந்தால் ஆல்பம் முடிந்த ஃபைல்களுக்கு இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் காட்டினால் வேறு எதையும் வாங்கும் முன் அதிலிருக்கும் படங்களை வேறு டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள்.