வெயிலில் மட்டும் தெரியும் வட்டக் கோடுகள்

கேள்வி: போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு கறுப்பு கார் வாங்கினேன், 2018 மாடல். வாங்கும்போது கண்ணாடி மாதிரி மின்னியது. நாலு வாட்டர் வாஷுக்கு அப்புறம் பார்த்தால், வெயிலில் பானெட் முழுக்கச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடுகள். செராமிக் கோட்டிங் போட்டால் போய்விடும், 22,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். போடலாமா? மாதம் இரண்டு தடவை ஏற்காடு போய் வருவேன்.
— வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். அந்தக் கோடுகள் நீங்கள் வாங்கும்போதே இருந்திருக்கும். எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸ் பாலிஷைத் தடவினால் கீறல்கள் அடைபட்டு மறையும், சில வாஷில் கரைந்துவிடும். நானும் ஒரு முறை ஷெட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து வாங்கி ஏமாந்தவன்தான். பழைய கறுப்பு வண்டியை உச்சி வெயிலில்தான் பார்க்க வேண்டும்.

கோட்டிங் கீறலை எடுக்காது. கண்ணாடி போல மேலே படியும் மெல்லிய அடுக்கு அது. கீழே கோடு இருந்தால் கோட்டோடு சேர்த்து மூடிவிடும். முதலில் மெஷின் பாலிஷ் போட்டுக் கோடுகளை எடுக்க வேண்டும். பெயிண்டின் மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத அடுக்கைத்தான் அப்போது தேய்க்கிறார்கள். அது பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. வருடா வருடம் 'ரப்பிங்' போட்டால் ஒருநாள் அது தீர்ந்துபோகும். நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறல் ஆழமானது, அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

கடையில் பெயிண்டின் கனம் அளக்கும் மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே பட்டி போட்டு அடித்த பேனல் அதில் தெரிந்துவிடும். டூயல் ஆக்‌ஷன் மெஷின் (சுழன்றுகொண்டே அசையவும் செய்வது) பாதுகாப்பானது. சுழல மட்டும் செய்யும் ரோட்டரி மெஷின் கைப்பழக்கம் இல்லாதவரிடம் இருந்தால் ஓரங்களில் பெயிண்டே எரிந்துவிடும். பானெட்டில் ஒரு பாதியை மட்டும் முதலில் செய்யச் சொல்லி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு வெயிலில் பாருங்கள். பாலிஷில் உள்ள எண்ணெயும் கோடுகளை மறைக்கும் என்பதால்தான் இந்தத் துடைப்பு.

அப்புறம் பாதுகாப்பு. வாக்ஸ் நம் வெயிலுக்குச் சில வாரம் தாங்கும், சீலன்ட் என்ற செயற்கைப் பூச்சு சில மாதம். இத்தனை வயதான வண்டிக்கு மெஷின் பாலிஷும் சீலன்டும் போதும் என்பேன். செராமிக்கில் தண்ணீர் ஒட்டாமல் ஓடும், கழுவுவது சுலபம், அவ்வளவுதான். '9எச்' என்று பெருமையாகச் சொல்வது பென்சில் கீறல் சோதனையின் அளவு. மலைப்பாதையில் முன்னால் போகும் லாரி தெறிக்கும் கல்லுக்கு அது ஈடு கொடுக்காது. அதற்கு பிபிஎஃப் எனும், பெயிண்டின் மேல் ஒட்டும் தெளிவான பிளாஸ்டிக் படலம்தான், விலையும் பல மடங்கு. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குகளுக்குத் தீனி போட்டு நிற்பவர்களுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். குரங்கு பானெட்டில் ஏறினால் நகக்கீறல் உறுதி. மேலே மரத்தடியில் நிறுத்தினால் பறவை எச்சத்தை அன்றைக்கே ஈரத் துணியால் ஊறவைத்து எடுங்கள்.

கோடுகள் திரும்ப வராமல் இருக்க வேண்டுமானால், காலையில் வண்டி துடைக்க வருபவரை நிறுத்துங்கள். ஒரே பனியன் வேஸ்ட் துணியால் பத்து வண்டியைக் காய்ந்த தூசியோடு தேய்ப்பார். இந்த மாதிரிக் கோடுகளில் பாதி அங்கே பிறப்பவைதான். தண்ணீர் அடித்துத் தூசியை இறக்கிவிட்டு, ஷாம்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் என்றால் காய விடாமல் மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் உப்புக்கறை நிற்கும்.

விற்றவரிடம் இதற்காகச் சண்டை போட்டுப் பயன் இருக்காது. ஆனால் பாலிஷ் கடையில் எத்தனை ஸ்டேஜ் (எத்தனை சுற்று பாலிஷ்), எந்தப் பொருள், வாரன்ட்டி என்றால் இடையில் காசு கட்டிச் செய்ய வேண்டிய பராமரிப்பு எத்தனை தடவை என்பதையெல்லாம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சொன்னபடி செய்யாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்க அந்த பில் வேண்டும்.