சம்பளம் பாதியான பிறகும் ஊருக்கு அதே 15,000 ரூபாயா?

கேள்வி (செப்டம்பர் 2020, கடைசி வாரம்):

எங்களுக்குச் சோமனூர் பக்கம். நாலு வருஷமாக விமானப் பணிப்பெண்ணாக இருக்கிறேன், பெங்களூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். கொரோனாவுக்கு முன்னால் கைக்கு 48,000 வரும். இப்போது சம்பளக் குறைப்பு, சம்பளமில்லா விடுப்பு எல்லாம் போக 23,000 வருகிறது. போன வருஷம் அண்ணன் நாலு தறி வாங்க என் பெயரில் 6 லட்சம் பர்சனல் லோன் எடுத்தோம். 14 சதவீத வட்டி, 5 வருஷம், தவணை 13,960. ஊரடங்கிலிருந்து அண்ணன் பணம் தருவதில்லை. மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணையைத் தள்ளி வைத்தேன். வீட்டுக்கு மாதாமாதம் அனுப்பும் 15,000-ஐ நிறுத்த மனசு வரவில்லை. ஏப்ரலிலிருந்து இரண்டு கிரெடிட் கார்டில் பணம் எடுத்து அனுப்புகிறேன். கார்டு பாக்கி 1,05,000 ஆகிவிட்டது. சம்பளம் குறைந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் அரசாங்கமே விமான ஊழியர்களுக்குச் சம்பளம் தருகிறதே, இங்கேயும் வருமா? அதுவரை பி.எஃப். பணத்தை எடுத்து ஷேரில் போட்டு கார்டை அடைக்கலாம் என்று தோழி சொல்கிறாள். ஆறு பவுன் நகை இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில் (அதே வாரம்):

அம்மிணி, உங்கள் சம்பளத்தைக் குறைத்தது நிறுவனம். ஆனால் இந்த 1,05,000 கடன் சம்பளக் குறைப்பால் வந்ததில்லை. குறைந்த சம்பளத்தை வீட்டில் மறைத்ததால் வந்தது.

அரசாங்கச் சம்பளத்தை முதலில் பேசிவிடுவோம், நீங்கள் அதை நம்பித்தான் நாளைக் கடத்துகிறீர்கள். சிங்கப்பூர் அரசு விமானத் துறைக்கு மாதச் சம்பளத்தின் முதல் 4,600 சிங்கப்பூர் டாலரில் 75 சதவீதம் கொடுத்தது உண்மை. அது நிறுவனத்தின் கைக்குப் போன பணம். அதுவும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும் கணக்கிட்டது. நம்மூரிலிருந்து வேலை பெர்மிட்டில் போன பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே இல்லை. செப்டம்பரிலிருந்து அது 50 சதவீதம். அவ்வளவு உதவி வாங்கியும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் சுமார் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக இந்த மாதம் 10-ஆம் தேதி அறிவித்தது. இங்கிலாந்தில் 80 சதவீதம் கொடுத்தார்கள், அதிகபட்சம் மாதம் 2,500 பவுண்டு. இந்த மாதம் அது 70, அக்டோபரில் 60, அதோடு முடிகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்கா பயணிகள் விமான நிறுவனங்களின் சம்பளத்துக்கென 2,500 கோடி டாலர் ஒதுக்கி, செப்டம்பர் 30 வரை ஆட்களை நீக்கக் கூடாது என்றது. அந்தத் தேதி இதோ வந்துவிட்டது.

நம் நாட்டில் அப்படி ஒரு சம்பள உதவி விமான ஊழியருக்கு வரவில்லை. பி.எஃப். பங்கு 24 சதவீதத்தையும் மத்திய அரசே கட்டிய திட்டம் நூறு பேர் வரை உள்ள, அதில் 90 சதவீதம் பேர் 15,000-க்குக் கீழ் வாங்கும் இடங்களுக்கானது. உங்கள் நிறுவனம் அதில் சேராது. வந்தால் சந்தோஷம், வரும் என்று நினைத்து ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதீர்கள்.

சம்பளக் குறைப்பு பத்து சதவீதம் என்று செய்தியில் படித்துவிட்டு, உங்களுக்குப் பாதி போனது எப்படி என்று வீட்டில் கேட்பார்கள். அதற்குப் பதில் உங்கள் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. 48,000-ல் நிலையான சம்பளம் 25,000 அளவில் இருக்கும். மீதி 23,000 பறந்த மணி நேரத்துக்கான படி. மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டில் பயணிகள் விமானமே ஓடவில்லை. பிறகு பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு அனுமதித்தார்கள், ஜூன் கடைசியில் 45 சதவீதம், செப்டம்பர் 2 முதல் 60 சதவீதம். விமானம் குறைந்தால் படியும் குறையும், படி எந்த அறிவிப்பிலும் தனியாக வராது. அனுமதி கூடக் கூட உங்கள் படி கொஞ்சம் ஏறலாம். ஆனால் பழைய 48,000 எப்போது திரும்பும் என்று வைத்துக் கணக்குப் போட வேண்டாம். இண்டிகோ போன்ற பெரிய நிறுவனமே ஜூலையில் பத்து சதவீத ஊழியரைக் குறைப்பதாகச் சொன்னதை மறக்க வேண்டாம்.

இப்போது உங்கள் மாதக் கணக்கு. ரூம் வாடகை, சாப்பாடு 14,000 என்று வைக்கிறேன். ஊருக்கு 15,000. தவணை 13,960. கார்டுக்குக் குறைந்தபட்சம் 5,250. மொத்தம் 48,000-க்குக் கொஞ்சம் மேலே. வருவது 23,000. மாதாமாதம் 25,000 துண்டு விழுகிறது, அதைக் கார்டுதான் நிரப்ப வேண்டும். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,05,000-க்கு மாதம் 4,300-க்கு மேல். நீங்கள் கட்டும் 5,250-ல் அசலுக்குப் போவது 900 ரூபாய் அளவுதான். நம்மூரில் நூத்துக்கு மூணு வட்டி என்றால் வாய் பிளப்பார்கள், நீங்கள் அதைவிட அதிகம் கட்டுகிறீர்கள்.

கார்டு பாக்கியில் பெரும்பகுதியை இந்த மாதமே அடைக்க வேண்டும். பி.எஃப்.-பில் கொரோனாவுக்கான முன்பணமாக மூன்று மாத அடிப்படைச் சம்பளம், அல்லது இருப்பில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அது கிடைக்கும். உங்கள் அடிப்படை 20,000 அளவில் இருந்தால் 60,000. திருப்பிக் கட்ட வேண்டாம், வரியும் இல்லை. வயசு காலத்துப் பணத்தைத் தொடச் சொல்வது எனக்குப் பிடித்த வேலையில்லை. ஆனால் எட்டரை சதவீதம் தரும் பணத்தை வைத்துக்கொண்டு ஐம்பது சதவீத வட்டி கட்டுவது அதைவிடக் கேடு. அப்புறம் ஒரு பவுனை விற்றுவிடுங்கள். ஆகஸ்டில் பவுன் 43,000-ஐத் தாண்டியது, இப்போது இறங்கியிருக்கிறது. பழைய நகைக்குக் கைக்கு 38,000 என்று வைத்தால், மொத்தம் 98,000. மீதி 7,000-ஐ, ஊருக்கு அனுப்புவதை நிறுத்திய பிறகு மாதாமாதம் மிஞ்சும் பணத்தில் அடைத்துவிடலாம். அடகு வேண்டாம். நகை மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கிகள் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி ஆகஸ்டில் சொன்னதும் ஊரெல்லாம் அடகு வைக்கிறார்கள். 23,000 சம்பளத்தில் வைத்த நகையை எதைக் கொண்டு மீட்பீர்கள்? அஞ்சு பவுன் பீரோவில் இருக்கட்டும்.

தோழியின் ஷேர் யோசனையை விட்டுவிடுங்கள். மார்ச்சில் 7,600-க்கு விழுந்த பங்குச் சந்தைக் குறியீடான நிப்டி இப்போது 11,000-ஐ ஒட்டி நிற்பதைப் பார்த்துப் ஷேர் வாங்கப் புதிதாக டீமேட் கணக்கு ஆரம்பித்தவர்கள் எல்லாருக்கும் தாங்கள் கெட்டிக்காரர்கள் என்ற எண்ணம் வந்திருக்கிறது. கார்டு வட்டியை ஜெயிக்க வருஷத்துக்கு ஐம்பது சதவீதம் லாபம் தவறாமல் வர வேண்டும். வாடகைக்கே தடுமாறும் நேரத்தில் பி.எஃப். பணத்தை அங்கே கொண்டு போகச் சொல்பவர் உங்கள் நிலைமை தெரியாமல் பேசுகிறார்.

அடுத்தது தறிக் கடன். ஆறு மாதம் தள்ளி வைத்ததில் சுமார் 5.11 லட்சமாக இருந்த அசல் 5.48 லட்சத்துக்குப் போயிருக்கும். தவணையை மாற்றாவிட்டால் கடைசியில் இன்னும் ஐந்து மாதம் கட்ட வேண்டி வரும், ஏறக்குறைய 66,000. தள்ளி வைத்தது யாரும் தந்த தள்ளுபடி இல்லை. கடனை மறுசீரமைக்க வங்கிகளுக்கு இப்போது அனுமதி இருக்கிறது. இரண்டு வருஷம் நீட்டினால் தவணை 11,300 ஆகும், ஆனால் மொத்தத்தில் இன்னும் 76,000 கூடும். அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

ஏனென்றால் தறி ஓடுகிறது என்று நினைக்கிறேன். பாவு நூலும் ஊடை நூலும் தரும் ஜவுளிக்காரர் கூலியைக் குறைத்திருப்பார், வாரம் நாலு நாள்தான் ஓடுகிறதோ என்னவோ. இருந்தாலும் சனிக்கிழமை கூலி வருகிற வீடு. மாசக் கடைசியில் 7,000 கேட்டால் அண்ணன் கையில் இருக்காது, வாரம் 1,750 என்றால் கொடுக்க முடியும். சனிக்கிழமை சாயங்காலமே உங்கள் கணக்குக்கு வர வேண்டும். ரூம் செலவு போக உங்களுக்கு மிஞ்சுவது 9,000. அதில் 7,000 தவணைக்குப் போட்டால் இரண்டும் சேர்ந்து தவணைக்குச் சரியாகிவிடும், 2,000 கையில் இருக்கும். இதற்கு ஊருக்கு அனுப்பும் 15,000 நின்றே ஆக வேண்டும், குறைத்தால் போதாது.

மறைத்ததற்குக் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. "ஏரோப்ளேன்ல புள்ளைய அனுப்பாதீங்க"ன்னு சொன்ன சொந்தக்காரர்கள் இருப்பார்கள். சம்பளம் குறைந்தது தெரிந்தால் "அப்பவே சொன்னமே" என்பார்கள், வேலையை விட்டுட்டு வா, மாப்பிள்ளை பார்க்கலாம் என்பார்கள். இந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் அப்பாவுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். போன வருஷச் சீட்டு ஒன்று, ஆகஸ்டுச் சீட்டு ஒன்று, கார்டு பில் ஒன்று, மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பேசுங்கள். வேலை போகவில்லை, சம்பளம்தான் குறைந்திருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அண்ணனிடம் தனியாகப் பேசாமல் அப்பாவை வைத்துக்கொண்டே பேசுங்கள், கடன் யார் பெயரில் இருக்கிறது, தறி யார் கொட்டகையில் ஓடுகிறது என்பது அவருக்கும் கேட்கட்டும்.