விழுகிற கம்பெனியை விலை கொடுத்து வாங்குவானேன்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2000-இன் கடைசியில், கணினி விளையாட்டுகளுக்கான கிராஃபிக்ஸ் சிப் செய்த த்ரீடிஎஃப்எக்ஸ் கம்பெனி கிட்டத்தட்டப் படுத்தேவிட்டது. விட்டிருந்தால் தானாக மூடியிருக்கும். அதன் போட்டியாளரான என்விடியா எதற்குக் காசு கொடுத்து வாங்கியது?

பதில்: தானாக மூடியிருந்தால் சரக்கு ஏலத்துக்கு வந்திருக்கும். அதில் மதிப்புள்ளது கார்டுகள் அல்ல, காப்புரிமைகள். ஒரே பிக்சலில் ஒன்றுக்கு மேற்பட்ட டெக்ஸ்சர்களை (பொருள்களின் பரப்பில் ஒட்டும் படங்களை)ப் பூசும் முறை தன்னுடையது என்று 1998-லேயே த்ரீடிஎஃப்எக்ஸ் என்விடியா மேல் வழக்குப் போட்டிருந்தது. 2000-இல் என்விடியாவும் எதிர்வழக்குப் போட்டது. அந்தக் காப்புரிமைகளை வேறொரு போட்டியாளர் ஏலத்தில் எடுத்தால், தலைவலி ஆள் மாறி மறுபடி ஆரம்பிக்கும். வாங்கியதோடு இரண்டு வழக்குகளும் முடிந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட பொறியாளர்களும் வந்து சேர்ந்தார்கள்.

வாங்கிய விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். டிசம்பர் 15 அன்று அறிவித்த ஒப்பந்தத்தில் விலை 7 கோடி டாலர் ரொக்கமும் 10 லட்சம் என்விடியா பங்குகளும். ரொக்கத்தில் 1.5 கோடி, அன்றாடச் செலவுக்கு முன்கூட்டியே கடனாகப் போனது. ஆனால் கைமாறியது கம்பெனி அல்ல. காப்புரிமைகள், வர்த்தகப் பெயர்கள், இருப்பிலிருந்த சிப்கள் மட்டுமே. கடன் பழைய கம்பெனியின் தலையிலேயே நின்றது. அந்தக் கடன்களை அடைத்த பிறகுதான் பங்குகள் என்று நிபந்தனை. அடைக்க முடியவில்லை, 2002 அக்டோபரில் திவால் மனு. அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று திவால் சொத்துப் பொறுப்பாளர் தொடுத்த வழக்கிலும் என்விடியாவே ஜெயித்தது. வக்கீல்கள் வாங்கிய சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறார்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய பெயர் எப்படி விழுந்தது?

பதில்: அதற்கும் ஒரு கம்பெனியை வாங்கியதுதான் முக்கியக் காரணம்! டயமண்ட், கிரியேட்டிவ் போன்ற கம்பெனிகள் த்ரீடிஎஃப்எக்ஸிடம் சிப் வாங்கிக் கார்டு செய்து விற்றுவந்தார்கள். 1998 டிசம்பரில் எஸ்.டி.பி. என்ற கார்டு தயாரிப்பாளரை வாங்கப்போவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு மெக்சிகோவின் ஹுவாரெஸ் தொழிற்சாலையில் த்ரீடிஎஃப்எக்ஸே கார்டு செய்ய இறங்கியது. மாவு அரைத்துக் கொடுத்தவரே எதிரில் இட்லிக் கடை போட்டால், பழைய வாடிக்கையாளர் வேறு மில்லைத்தானே தேடுவார்? தேடிப் போன இடம் என்விடியா.

சிப்பும் பின்தங்கியது. த்ரீடிஎஃப்எக்ஸின் ஊடூ3 கார்டில் முப்பரிமாணப் படத்துக்கு 16 பிட் நிறம்தான். டெக்ஸ்சர் 256×256 பிக்சலைத் தாண்டாது. ஊடூ5 5500-இல் இரண்டு சிப், 64 எம்பி நினைவகம். ஆனால் சிப்புக்கு 32 எம்பி எனப் பிரிந்திருந்ததால் ஒரே டெக்ஸ்சரை இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். காசு 64-க்கு, பயன் அதைவிடக் குறைவு. நான்கு சிப் கொண்ட 6000 கடைக்கே வரவில்லை.

கேள்வி: ஊடூ2 கார்டில் இருந்த, இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் எஸ்.எல்.ஐ.-தான் பிறகு என்விடியாவில் வந்ததா?

பதில்: எழுத்து மூன்றும் அதேதான், வேலை வேறு. ஊடூ2-இல் இரண்டு கார்டுகளை உள்ளே ரிப்பன் கேபிளால் இணைப்பார்கள். ஒற்றைப்படை வரிகளை ஒன்று வரையும், இரட்டைப்படை வரிகளை மற்றது வரையும். ஒரே கார்டில் 800×600 வரை போனது இரண்டில் 1024×768 ஆனது. 2004-இல் என்விடியா கொண்டுவந்ததில் ஒரு ஃபிரேமை (திரையின் ஒரு முழுப் படத்தை) மேல் கீழாகப் பங்கிடுவார்கள், அல்லது ஆளுக்கொரு ஃபிரேம். இரண்டாவது முறையில் ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வராவிட்டால், நொடிக்கு இத்தனை என்ற எண்ணிக்கை அதிகமாகக் காட்டினாலும் கண்ணுக்குத் திக்கித் திக்கித் தெரியும்.

கேள்வி: ஆட்களுக்காகவே போட்டிக் கம்பெனியை வாங்கியதுண்டா?

பதில்: உண்டு. 2000-இல் ஏ.டி.ஐ. என்ற இன்னொரு கிராஃபிக்ஸ் சிப் கம்பெனி வாங்கிய ஆர்ட்எக்ஸ். நின்டெண்டோவின் கேம்கியூப் விளையாட்டுக் கருவிக்குச் சிப் வடிவமைத்த சிறு அணி. ஏ.டி.ஐ.-யின் 2002 ரேடியான் 9700 கார்டில் அவர்கள் கைவண்ணம் தெரிந்தது.

கேள்வி: த்ரீடிஎஃப்எக்ஸ் கார்டுகளோடு பேசும் கட்டளைத் தொகுப்பான கிளைட் மட்டுமே கேட்கும் பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஆட முடியுமா?

பதில்: முடியும். டிஜிஊடூ அல்லது என்கிளைட் மென்பொருளை இறக்குங்கள். கிளைட் கட்டளைகளை இன்றைய கார்டுக்குப் புரியும்படி மாற்றித் தருவது இவற்றின் வேலை. டிஜிஊடூ என்றால், விளையாட்டின் .எக்ஸ்ஈ கோப்பு உள்ள அதே ஃபோல்டரில் ‘கிளைட்2எக்ஸ்’ டி.எல்.எல். கோப்பை வையுங்கள். பிறகு விளையாட்டின் அமைப்பில் த்ரீடிஎஃப்எக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில விளையாட்டுகள் ‘கிளைட்’ அல்லது ‘கிளைட்3எக்ஸ்’ கேட்கும். தவறானதை வைத்தால் கார்டே இல்லை என்று சொல்லிவிடும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் விளையாட்டுகளுக்கு இந்த வழி ஒத்துவராது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் மென்பொருளைப் போட்டு, அதிலுள்ள ஊடூ எமுலேஷனை (ஊடூ கார்டு போலவே நடிக்கும் வசதியை) இயக்குங்கள்.