திரும்பத் திரும்ப

அன்புள்ள ஐயா,

ஆட்டெக்கர் என்ற மின்னணு இசை இரட்டையர் 1994இல் வெளியிட்ட ‘ஆன்டி இ.பி.’ என்ற சிறு இசைத்தட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதைக் கேட்டேன். மொத்தம் மூன்று உருப்படிகள்தான். முதல் இரண்டில் ஒரே தாளம் திரும்பத் திரும்ப ஓடுகிறது. மூன்றாவதான ‘ஃப்ளட்டர்’ நிலைகொள்ளாமல் தவிக்கிறது. உறைமேல் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டுக்காகத்தான் இதைக் கொண்டாடுகிறார்களோ என்று தோன்றுகிறது. கோபிக்காதீர்கள், இதை இசை என்று சொல்லலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோபமெல்லாம் இல்லை. உங்கள் கேள்வியை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த ஆண்டே சட்டம் போட்டுத் தீர்த்துவிட்டது.

1992 மே மாதம் இங்கிலாந்தில் காசில்மார்ட்டன் பொதுநிலத்தில் பல்லாயிரம் பேர் திரண்டு மின்னணு நடன இசைக்கு நாள்கணக்கில் ஆடினார்கள். ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று, பத்திரிகைகளுக்குத் தீனி கிடைத்தது. அதன் தொடர்ச்சியாக வந்தது குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம். திறந்தவெளியில் நூறு பேரோ அதற்கு மேலோ கூடி, இரவில் ஒலிபெருக்கியில் இசை போட்டு அக்கம்பக்கத்தாருக்குக் கடும் தொல்லை தந்தால் போலீஸ் கலைக்கலாம் என்றது 63ஆம் பிரிவு. (நூறு என்பது 2003இல் இருபதாயிற்று.) கூடவே ஒரு விளக்கம்: அடுத்தடுத்து வரும் ஒரேமாதிரியான தாள அடிகளை முழுமையாகவோ பெரும்பாலுமோ கொண்ட ஒலிகளும் ‘இசை’யில் அடங்கும்.

மசோதா சட்டமாகும் முன்பே ஆட்டெக்கர் இரட்டையரான ராச்டேல் ஊர்க்காரர்கள் ராப் பிரவுனும் ஷான் பூத்தும் வார்ப் என்ற இசைத்தட்டு நிறுவனம் மூலம் இந்தத் தட்டைக் கொண்டுவந்தார்கள். வருமானம் லிபர்ட்டி என்ற உரிமை அமைப்புக்கு. சீட்டைக் கிழித்தால்தான் உறை திறக்கும். ‘லாஸ்ட்’, ‘ஜாரும்’ இரண்டிலும் திரும்ப வரும் அடிகள் உள்ளன, சட்டம் வந்தால் போடாதீர்கள். ‘ஃப்ளட்டரில்’ எந்தத் தாளச்சுற்றும் இன்னொன்றைப்போல் இராது, ஆகவே போடலாம். ஆனாலும் போலீஸ் வந்தால் நிரூபிக்க ஒரு வக்கீலையும் ஓர் இசையியல் அறிஞரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றது அந்தச் சீட்டு.

நல்ல குறும்புதான். ஆனால் சட்டத்தின் சொல்லைப் பாருங்கள். ‘அடங்கும்’ என்றுதான் இருக்கிறது, ‘அது மட்டுமே’ என்று இல்லை. ஃப்ளட்டரை விடுங்கள், பீத்தோவனை அலறவிட்டாலும் கலைத்திருக்க முடியும். ‘தாளத்தைத் தடைசெய்த சட்டம்’ என்று இன்றும் எழுதுகிறார்கள்; நானும் ஒருகாலத்தில் அப்படி எழுதியவன்தான். ‘நாங்கள் போட்டது இசையே அல்ல, வெறும் சத்தம்’ என்று யாரும் நழுவிவிடக் கூடாது என்பதற்கே அந்த விளக்கம் என்பது இப்போது என் வாசிப்பு. இந்த ஆட்டக்காரர்களைப் பிடிக்காத அரசே அவர்களுடையதை இசை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நீங்கள் இன்னும் தயங்குகிறீர்கள்!

சீட்டைப் பற்றிச் சொன்னீர்கள், அது சரி. அந்தச் சீட்டின் புகழ் பாட்டைத் தின்றுவிட்டது. பலருக்கு ஃப்ளட்டர் ஒரு சட்டத் துணுக்கு மட்டுமே. ஒருமுறை நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, ஒரு சுற்றாவது திரும்ப வருகிறதா என்று பிடிக்கப் பார்த்தேன். இரண்டாவது நிமிடத்தில் நோட்டை மறந்துவிட்டேன். கீழே அடிகள் கலைந்துகொண்டே இருக்கின்றன, மேலே சுரங்கள் நிதானமாக மிதக்கின்றன. காது தானாகவே ஓர் ஒழுங்கை உண்டாக்கிக்கொண்டது, கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் தவிப்பு என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டீர்களா? அதில் கீழ்ச்சுருதி காதுக்கே எட்டாது. ஹெட்ஃபோன் மாட்டி, ஃப்ளட்டரை மட்டும் இன்னொரு முறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.