ஈர மணலுக்கு எந்த ஸ்கூப்? காந்தம் ஒட்டாத வீடியோவைப் பார்த்து வாங்காதீர்கள்

கடற்கரையில் மெட்டல் டிடெக்டர் வைத்து மணலில் புதைந்த நகை, நாணயம் தேடும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். காய்ந்த மணலில் பிளாஸ்டிக் கை ஸ்கூப்பை (மணலை அள்ளிச் சலிக்கும், துளை போட்ட அள்ளுவாளியை) வைத்தே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். அலை வந்துபோகும் ஈர மணலில் இறங்கிய முதல் வாரமே அது வாய்ப் பக்கம் பிளந்துவிட்டது. இப்போது அவர் முன்னால் இரண்டு வழி. ஒன்று, 'மரைன் கிரேடு, 16 கேஜ்' என்று விற்கப்படும் நீளக் கைப்பிடி ஸ்டீல் ஸ்கூப். காந்தம் ஒட்டவில்லை என்பதை விற்பவர் வீடியோ எடுத்தே அனுப்பியிருக்கிறார். இன்னொன்று, தெரிந்த பட்டறையில் ஜி.ஐ. வாளியை வெட்டி, துளை போட்டு, குழாயை வெல்டிங் செய்து சொந்தமாக ஒன்று செய்துகொள்வது. துளை 12 மி.மீ. என்கிறார்களே, சின்னக் கம்மல் விழுந்துவிடாதா என்று கேட்கிறார். ஒரு மணி நேரம் தோண்டினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்றும் கேட்கிறார்.

முதலில் அந்த ஜி.ஐ. வாளி. வேண்டாம். அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும், இரும்பு உருக 1500 டிகிரி பக்கம் போக வேண்டும். அதனால் வெல்டிங் பொறி பட்டதும் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் வரும், ஏதோ சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து மறுநாளும் அதே வேலையைச் செய்வார். பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு வெல்டிங் செய்யலாமே என்றால், பூச்சு போன இடத்தில் இருப்பது வெறும் இரும்பு, அதைக் கடல் தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் போடும் ஒவ்வொரு துளையின் விளிம்பும் துருவுக்கு ஒரு வாசல். வாளித் தகடும் மெல்லிசு, ஈர மணலில் குத்தி மிதித்தால் நெளிந்துபோகும்.

இனி அந்த வீடியோ. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதாது. காந்தம் ஒட்டவில்லை என்பதால் அது மரைன் கிரேடு ஆகிவிடாது. மரைன் கிரேடு என்று நாம் சொல்வது 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கும், உப்பு தகட்டில் ஊசிக்குழி போடாமல் தடுப்பது அதுதான். வீட்டுப் பாத்திரங்களில் நிறைய வரும் 304 வகையில் அது சேர்ப்பதில்லை. ஆனால் 304 மீதும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றி மலிவாகச் செய்யும் 201 வகை இருக்கிறதே, அதன் மீதும் ஒட்டாது. மூன்றும் காந்தச் சோதனையில் ஒரே மாதிரி தேறிவிடும், கடலில் மட்டும் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். போதாக்குறைக்கு, உண்மையான 304 தகட்டை வளைத்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்கும், அதைப் பார்த்து நல்ல பொருளைப் போலி என்று ஒதுக்கியவர்களும் இருக்கிறார்கள். காந்தத்தை வைத்து, காந்தம் ஒட்டும் 430 வகை ஸ்டெயின்லெஸ்ஸையும் சாதாரண இரும்பையும் கழித்துக் கட்டலாம், அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. மாலிப்டினம் இருக்கிறதா என்று பார்க்கத் தனிச் சொட்டுச் சோதனை இருக்கிறது, சின்ன பேட்டரியும் ஒரு திரவமும் போதும், தகடு விற்கும் பெரிய இடங்களில் செய்து காட்டுவார்கள். இடையில் நின்று கைமாற்றி விடும் விற்பனையாளர் அதைச் செய்து நான் பார்த்ததே இல்லை.

சரி, 316 இல்லாவிட்டால் வாங்கவே கூடாதா என்றால், வாங்கலாம். ஒழுங்கான 304 ஸ்கூப்பை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் பல வருடம் உழைக்கும், என்னிடம் இருப்பதே அதுதான். அங்கங்கே பழுப்புக் கறை வரும், தேய்த்தால் போய்விடும். 304-ஐ 304 என்று சொல்லி விற்றால் எனக்குச் சண்டையே இல்லை.

'16 கேஜ்' என்பதும் இப்படித்தான். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பது பலருக்குத் தெரியும். உலோகத்துக்கு உலோகம் கேஜ் கணக்கு மாறும் என்பது தெரியாது. 16 கேஜ் ஸ்டெயின்லெஸ் என்றால் ஏறக்குறைய 1.6 மி.மீ., அதே 16 கேஜ் அலுமினியம் என்றால் 1.3 மி.மீ. மட்டுமே. ஏன் மில்லிமீட்டரில் எழுத மாட்டேன் என்கிறார்கள்? 'ஹெவி டியூட்டி' என்று நான்கு இடத்தில் எழுத இடமிருக்கிறது, தடிமன் என்ற ஒரு எண்ணுக்கு இடமில்லை. விற்பவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: தகடு எத்தனை மி.மீ., துளை எத்தனை மி.மீ., வெறும் ஸ்கூப் எத்தனை கிலோ. பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்கலாம் என்று நம்பாதீர்கள். பயன்படுத்தாத பொருளைத்தான் திரும்ப எடுப்பார்கள், ஆனால் வெல்டிங் மோசம் என்பது பயன்படுத்தினால்தானே தெரியும்! எனக்கு அப்படி நான்காம் நாளே கைப்பிடி அடியோடு கழன்று வந்தது. 'முறையற்ற பயன்பாடு' என்று ஒரு வரிப் பதில் வந்தது. மணலைத் தோண்டுவதற்குச் செய்த பொருளால் மணலைத் தோண்டியது எப்படி முறையற்ற பயன்பாடு ஆகும் என்பதற்கு இன்றுவரை விளக்கம் வரவில்லை. ஈர மணல் வேலைக்கு ஸ்டெயின்லெஸ்ஸில் 1.5 மி.மீ. போதும், வாய் விளிம்பு மட்டும் 2 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், அல்லது விளிம்பில் ஒரு பட்டை சேர்த்து வெல்டிங் செய்திருக்கட்டும்.

இப்போது உங்கள் கம்மல். வட்டத் துளையில் மோதிரம் விழ வேண்டுமென்றால் அதன் வெளிவிட்டத்தைவிடத் துளை பெரிதாக இருக்க வேண்டும். மோதிரத்தைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தினாலும் ஒரு பக்கம் அந்த முழு அகலம் இருந்தே தீரும். பெரியவர்கள் மோதிரம் பொதுவாக 17 மி.மீ.க்கு மேல் வரும், அதனால் 12 மி.மீ. துளையில் அது போகவே போகாது. நாணயத்துக்கும் இதே கணக்குதான். கம்மல் அப்படி இல்லை. முகப்பு 5 மி.மீ., பின்னால் ஒரு தண்டு, அவ்வளவுதான். 7 மி.மீ. துளையிலேயே குத்துவாக்கில் இறங்கிவிடும். மெல்லிய சங்கிலியும் அப்படித்தான், நூல் மாதிரி வழிந்து போய்விடும். ஆக, கம்மலுக்குப் பயந்து துளையைச் சின்னதாக எடுத்தால் ஈர மணல் இறங்காமல் சேறு மாதிரி நிற்கும், கம்மலும் காப்பாற்றப்படாது, உங்கள் இடுப்பும் காப்பாற்றப்படாது. 10 மி.மீ. பக்கம் எடுங்கள், 12 கிடைத்தாலும் பரவாயில்லை.

கம்மலைப் பிடிக்க இரண்டு வழி உண்டு. ஈர மணலில் சலிக்கவே வேண்டாம், அள்ளியதைப் பக்கத்தில் கொட்டி, காலால் பரப்பி, டிடெக்டரை மேலே ஓட்டுங்கள், குவியலில் சத்தம் வந்தால் கையால் தேடுங்கள். தண்ணீருக்குள் நிற்கும்போது அது முடியாது, அதற்கு உள்வலை போட வேண்டும். 4 மி.மீ. கண் உள்ள கெட்டியான பிளாஸ்டிக் வலையை ஸ்கூப்பின் உட்பக்க அளவுக்கு வெட்டி, நான்கு மூலையிலும் கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டுங்கள். சத்தம் மெலிசாக, சின்னப் பொருள் என்று தோன்றும் நாளில் கட்டுங்கள், மற்ற நாளில் அவிழ்த்துவிடுங்கள். தண்ணீருக்குள் ஸ்கூப்பை ஆட்டும்போது தோண்டிய குழிக்கு நேர் மேலேயே ஆட்ட வேண்டும். நழுவினாலும் அதே குழியில்தான் விழும், மறுபடி டிடெக்டர் காட்டிக்கொடுக்கும். இரண்டடி தள்ளிப் போய் ஆட்டினால் பொருள் எங்கே விழுந்தது என்று கடலுக்குத்தான் தெரியும்.

இந்தத் துளைக் கணக்கு தலைகீழாகும் ஓர் இடம் இருக்கிறது, கூழாங்கல்லும் கிளிஞ்சலும் கலந்த கரை. அங்கே மணல் இறங்கிவிடும், கல் இறங்காது. உங்கள் துளை 12 மி.மீ., கரையில் கிடக்கும் கல்லும் பெரும்பாலும் 12 மி.மீ. பக்கம் என்றால், நாலு அள்ளலுக்குள் ஒவ்வொரு துளையிலும் ஒரு கல் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிடும். அப்புறம் அது சல்லடை இல்லை, வாளி. அதனால் அப்படிப்பட்ட கரைக்குப் போகிறவர் முதலில் ஒரு கைப்பிடி கல்லை அள்ளி அளந்து பார்க்க வேண்டும். கல் பட்டாணி அளவு என்றால் 12 மி.மீ. துளையில் பொலபொலவென்று போய்விடும், கவலை இல்லை. கல்லும் துளையும் ஒரே அளவு என்றால் துளையை 14, 15 வரை பெரிதாக்கலாம், மோதிரம் அப்போதும் தங்கும். அதற்கு மேலே போகாதீர்கள். சிலர் பொறுமையில்லாமல் பக்கத்துப் பக்கத்துத் துளைகளை இணைத்து நீளமான வெட்டு போட்டுவிடுகிறார்கள், கல் நன்றாக இறங்குகிறது என்று மகிழ்ச்சியும் படுகிறார்கள். மோதிரம் வட்டத் துளையில் போகாது என்றேன், நீள வெட்டில் போகும். அதன் பட்டை 3, 4 மி.மீ. தடிப்புதான், வெட்டு அதைவிட அகலமாகவும் மோதிரத்தைவிட நீளமாகவும் இருந்தால் உண்டியலில் காசு போடுகிற மாதிரி நிமிர்ந்து போய்விடும். நாணயமும் அப்படியே. கல் கரையில் பல மாதம் தேடி நாணயமே கிடைக்கவில்லை என்றவரின் ஸ்கூப்பை வாங்கிப் பார்த்தேன், அடிப்பக்கம் முழுக்க அப்படிப்பட்ட வெட்டு. கடையில் வாங்கும் ஸ்கூப்பிலும் தகடு மடித்துச் சேரும் மூலைகளைப் பாருங்கள், வெல்டிங் முழுக்க ஓடாமல் அங்கங்கே புள்ளி வைத்து விட்டிருந்தால் அந்த இடைவெளியும் உண்டியல் வாய்தான்.

இடுப்பு வலிக்கு வருகிறேன். ஈர மணல் ஒரு லிட்டர் ஏறக்குறைய 2 கிலோ. 4 லிட்டர் ஸ்கூப்பை நிறைத்தால் 8 கிலோ, அது போக ஸ்கூப்பின் எடை வேறு. ஒரு மணி நேரத்தில் 40 முறை தோண்டினால் மணல் மட்டுமே 320 கிலோ தூக்குகிறீர்கள். இதற்கு எந்தக் கைப்பிடியும் மருந்தில்லை, ஸ்கூப்பைச் சின்னதாக எடுங்கள். இரண்டரை, மூன்று லிட்டர் போதும், டிடெக்டரில் இடத்தைச் சரியாகக் குறித்தால் அதற்கு மேல் தேவைப்படாது. பெரியதுதான் சிறந்தது என்று விற்பவர்கள் சொல்வார்கள், தூக்கப்போவது அவர்கள் இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் வரை மணல் பாதி எடைதான் காட்டும், அதனால் மேலே தூக்காமல் உள்ளேயே ஆட்டி மணலை இறக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் தூக்குங்கள். ஸ்கூப்பின் பின்பக்கம் காலால் மிதிக்க ஒரு பட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வெல்டிங் செய்து சேருங்கள். நீங்கள் செய்யப்போகும் மாற்றங்களில் இடுப்புக்கு அதிகம் உதவுவது இதுதான், கையால் குத்த வேண்டியதைக் கால் செய்துவிடும். ஸ்கூப்பை நிமிர்த்தி வைத்தால் கைப்பிடி நுனி தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் நிற்கட்டும்.

கைப்பிடி சேரும் இடம்தான் முதலில் உடையும். ஒரே இடத்தில் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள், பின்சுவரில் ஒன்று, வாய்ப்பக்கம் மேல்பட்டையில் ஒன்று என இரண்டு இடத்தில் பிடித்திருக்க வேண்டும். அலுமினியக் குழாயை ஸ்டெயின்லெஸ் ஸ்கூப்பில் நேரடியாக முடுக்கினால் உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரித்துப்போகும், நடுவில் பிளாஸ்டிக் உறையும் வாஷரும் வையுங்கள். கார்பன் ஃபைபர் குழாயை அலுமினியத்தோடு சேர்த்தாலும் இதே கதைதான். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை ஒன்றும் தடவாமல் முடுக்கினால் மரை கடித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும், கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் போதும்.

துளை பெரிதாக்குவதாக இருந்தால் கோபால்ட் டிரில் பிட், குறைந்த வேகம், நல்ல அழுத்தம், விடாமல் எண்ணெய். வேகமாக விட்டுத் தேய்த்தால் ஸ்டெயின்லெஸ் அந்த இடத்தில் இறுகிவிடும், அப்புறம் பிட்தான் மழுங்கும். துளை போட்ட பின் இரண்டு பக்கமும் பிசிறை அரம் வைத்து எடுத்துவிடுங்கள், சங்கிலி அதில்தான் மாட்டி அறும், உங்கள் விரலும் அதில்தான் கிழியும். பட்டறையில் இரும்பு தேய்த்த அதே சக்கரத்தை இதில் வைக்க விடாதீர்கள், ஒட்டிக்கொண்ட இரும்புத் தூள் ஒரே வாரத்தில் துருவாகத் தெரியும், 'ஸ்டீல் போலி' என்று பழி ஸ்கூப் மேல் விழும். 304 தகடு என்றால் 308எல் வெல்டிங் கம்பி, 316 என்றால் 316எல் கம்பி என்று பட்டறையில் சொல்லிவிடுங்கள். அவர் 'எல்லாம் ஒன்றுதான்' என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

உங்கள் உடைந்த பிளாஸ்டிக் ஸ்கூப்பைத் தூக்கிப் போடாதீர்கள். டிடெக்டரின் 'காயில்' எனும் அடித்தட்டுக்கு மேலேயே ஆட்டிப் பார்க்க அதை வைத்துத்தான் முடியும், ஸ்டீல் ஸ்கூப்பை அருகில் கொண்டுபோனாலே டிடெக்டர் கத்தும். பிளந்த வாயை நேராக வெட்டிவிட்டுக் காய்ந்த மணலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.